ஆறு தூர்ந்ததால் பிழைத்த ஊர்



வியட்நாமின் நடுப்பகுதியில், து போன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஹோய் ஆன் என்றொரு ஊர் இருக்கிறது. சீன, ஜப்பானியக் கப்பல்கள் பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்த துறைமுகம் அது. பிறகு ஆற்றில் மணல் சேர்ந்து துறை தூர்ந்துபோனது. கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் படுத்த ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடம் காசு இருக்கும்? அப்படித்தான் அந்த மர வீடுகள் தப்பித்தன. 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஜப்பானியப் பாலம். கூரை போட்ட சின்னப் பாலம்தான். 20,000 டாங் நோட்டில் அதன் படம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பூமிக்கடியில் ஒரு பூதம் படுத்திருக்கிறதாம். வால் ஜப்பானில், முதுகு வியட்நாமில், தலை நம் இந்தியாவில். அது புரண்டால் நிலநடுக்கம். அதன் முதுகில் அடித்த ஆணிதானாம் இந்தப் பாலம்!

தான் கி என்ற பழைய வணிகர் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் சாமான்களைக் கயிறு கட்டித் தூக்க மாடித் தரையில் ஒரு திறப்பும் உண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். காவ் லாவ் என்பது இந்த ஊருக்கே உரியது. தடித்த அரிசி நூடுல்ஸ், பன்றி இறைச்சித் துண்டுகள், கீரை, மொறுமொறுப்பான வறுவல், குழம்பு பேருக்குத்தான். மாவுக்குச் சாம்பல் தெளிநீர் சேர்ப்பார்கள். பா லே என்ற பழைய கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் ருசி வராது என்பது ஊர்க்காரர் கட்சி. சைவர்கள் 'சாய்' என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும். நம் ஊர் டீ இல்லை. அங்கே அதற்குச் சைவ உணவு என்று பொருள்.

கடைத்தெருவில் தடுக்கி விழுந்தால் தையல் கடை. இன்று அளவு கொடுத்தால் நாளை சட்டை தயார் என்பார்கள். நான் சொல்வது, கூட ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்த்தால்தான் அக்குள் பிடிப்பது தெரியும். பட்டு விளக்குக்கூடு வாங்கத் தயங்க வேண்டாம். மூங்கில் சட்டம் குடை மாதிரி மடங்கிப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கூடுகளின் அழகைப் பார்க்கச் சந்திரமாதத்தின் பதினான்காம் நாள் இரவில் போங்கள். அன்று பழைய ஊரில் மின்விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் மட்டும் வேண்டாம். அப்போது ஆறு தெருவுக்கே வந்துவிடும். பாலத்தைப் பார்க்கப் படகுதான் பிடிக்க வேண்டியிருக்கும்.