அக்வா முன்னா, அம்மீன் முன்னா?



தலைமை உரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்று வலம் வந்துவிட்டு அமர்வது வழக்கம். நான் ஓரிரு உப்புகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோபால்ட் குளோரைடோடு அம்மோனியா சேர்ந்த அணைவுச் சேர்மங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் நிறத்தை வைத்தே பெயரிட்டார்கள். வழியைத் திறந்தவர் பிரான்சின் ஃப்ரெமி. மஞ்சள் என்றால் லூட்டியோ, செவ்வூதா பர்ப்பூரியோ, ரோஜா நிறம் ரோசியோ. பிறகு ரோடியத்தோடு ஆறு அம்மோனியா சேர்ந்த உப்பு கிடைத்தபோது அதையும் லூட்டியோ என்றே அழைத்தார்கள். அதற்கோ நிறமே கிடையாது!

பர்ப்பூரியோ கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். திரிந்த பால்போல வெண்ணிற வீழ்படிவு இறங்கும். ஆனால் மூன்று குளோரினில் இரண்டுதான் அகப்படும். மூன்றாவது, உலோகத்தைப் பற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது. உள்ளே ஆறு இடம், மற்றவை வெளியே என்று 1893இல் கணக்கைத் தீர்த்தவர் சூரிச்சில் இருந்த ஆல்பிரட் வெர்னர். பர்ப்பூரியோவில் ஐந்து இடத்தில் அம்மோனியா, ஆறாவதில் குளோரின். ரோசியோவில் அந்த ஆறாவது இடத்தில் தண்ணீர், அதாவது அக்வா. குளோரின் மூன்றும் வெளியே.

இவ்வளவையும் சொல்லிவிடுகிறது இன்றைய பெயர்: பென்டாஅம்மீன்அக்வாகோபால்ட், அடைப்புக்குறிக்குள் ரோமன் மூன்று, பிறகு குளோரைடு. 'பென்டா' என்ற எண்ணைக் கணக்கில் கொள்ளாமல், உலோகத்தைப் பற்றியிருக்கும் ஈனிகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. யாருடைய அகரவரிசை? ஆங்கிலத்தில் எம் முந்தி, கியூ பிந்தி. ஆகவே அம்மீன் முதலில். நம் நெடுங்கணக்கில் ககரம் முந்தி, மகரம் பிந்தி, அக்வாவுக்குத்தான் முதலிடம். தமிழில் எழுதும்போது பெயரைத் திருப்பிப் போடுவதா?

கூடாது என்பது என் கட்சி. ஒரே உப்புக்கு மொழிக்கொரு பெயர் என்றால் ஃப்ரெமியின் காலமே தேவலை. தமிழில் படித்த மாணவர் நாளை வேற்றுமொழி ஆய்விதழைப் புரட்டும்போது தான் கற்ற பெயர் அதே வரிசையில் கண்ணில் பட வேண்டும். நெடுங்கணக்கைக் கைவிடுகிறோமே என்று வருந்தும் நண்பர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தையும் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

தமிழுக்கு ஆதாயமான இடமும் ஒன்று உண்டு. ஈனியாக அமரும் அம்மோனியா அம்மீன். கரிமச் சேர்மம் அமீன். ஆங்கிலத்தில் எழுத்தில் தெரியும் இந்த வேற்றுமை காதுக்கு எளிதில் எட்டாது. கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்கும் நமக்கு அது பெரிய வேலையா? ஆனாலும் என் நூலொன்றின் மெய்ப்பில், அச்சுப்பிழை என்று கருதி ஒருவர் அம்மீனையெல்லாம் அமீனாக்கியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஜப்திக்கு வந்த கோர்ட் அமீனாபோல அது நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றாய் மகர ஒற்றைத் திரும்பச் சேர்க்க இரண்டு இரவு பிடித்தது.

முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. அக்வா கட்சிக்காரர்கள் முதலில் பேசட்டும்.