வெள்ளிக்கிழமை மாலை வந்த ஒரு மசோதா

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில், மதுரை திருநகரைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசு பற்றிய பாடத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? மாநிலங்களவையில் அதிகபட்சம் 250 பேர், தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 238, நியமன உறுப்பினர்கள் 12, பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நேரே ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், மந்திரியா இல்லாத ஒரு எம்.பி. பேசுறதால என்ன ஆகும்? டி.வி.யில பாத்தா பாதி நாற்காலி காலியாக் கிடக்கு" என்றான்.

விவாதம்தான் மக்களாட்சியின் உயிர் என்று ஏதோ சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அது பதில் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அதற்குப் பதில் தேடித்தான் 2015 ஏப்ரல் 24-ஆம் தேதிக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு உரியது. அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். இதை 'எதிர்க்கட்சி மசோதா' என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், திருத்துங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் அமைச்சராக இல்லாவிட்டால் தனி உறுப்பினர்தான். அந்த நேரத்தில் பலரும் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். நம் பையன் பார்த்த காலி நாற்காலிகள் பெரும்பாலும் அந்த நேரத்து நாற்காலிகளாகத்தான் இருக்கும்.

விடுதலைக்குப் பின் இப்படி வந்த மசோதாக்களில் சட்டமானவை 14 மட்டுமே. நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிட வழி செய்த பெரோஸ் காந்தியின் 1956-ஆம் ஆண்டு மசோதா அவற்றில் ஒன்று. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல்.

திருச்சி சிவா 1996-இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குப் போனவர். பிறகு பல முறை மாநிலங்களவை உறுப்பினர். நான் அரசு ஊழியர், இங்கே கட்சி பேச வரவில்லை. ஒரு மூத்த உறுப்பினர் அவையை எப்படிப் பயன்படுத்தினார் என்பது மட்டுமே என் பேச்சு. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, சட்டம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவர் திருநர் உரிமைகள் மசோதாவை அறிமுகம் செய்தார். தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்திருந்தது. நம் மாநிலத்து அனுபவம் அவருக்குக் கையிருப்பாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஏப்ரல் 24 அன்று மசோதா விவாதத்துக்கு வந்தது. அரசே விரிவான கொள்கை தயாரித்து வருகிறது, ஆகவே மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று சமூக நீதித்துறை அமைச்சர் கேட்டுக்கொண்டார். தனிநபர் மசோதாக்கள் வழக்கமாக முடிகிற இடம் இதுதான். அமைச்சர் உறுதி தருவார், உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். எல்லோருக்கும் மரியாதையாகப் போய்விடும். சிவா திரும்பப் பெறவில்லை, வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். கடைசியில் அவை ஒருமனதாக, குரல் வாக்கெடுப்பில் மசோதாவை நிறைவேற்றியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த அவையிலும் நடக்காதது அது.

பாடம் இங்கேயே முடிந்தால் கரும்பலகைக்கு அழகாக இருக்கும். ஆனால் இரண்டு அவைகளும் நிறைவேற்றினால்தானே சட்டம்? 2016 பிப்ரவரியில் ஒடிசாவைச் சேர்ந்த பைஜயந்த் பாண்டா அதே மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். அங்கே நிறைவேறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத என்கிற மாதிரி வரையறை. சான்றிதழ் தர மாவட்ட அளவில் ஒரு பரிசோதனைக் குழு. தங்கள் உடம்பைக் குழு வைத்துப் பார்க்கப்போகிறார்களா என்று திருநர் சமூகம் கொதித்தது. பின்னர் அந்த வரையறையும் போனது, குழுவும் போனது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு மட்டும் திரும்பி வரவேயில்லை. 2019 நவம்பர் 26-இல் அரசு மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது, தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றார். மசோதா சட்டமானது.

இதற்கு நடுவில் 2019 ஏப்ரலில் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. ஒத்தக்கடை தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும்.

அந்த 2019 சட்டத்தின் 13-ஆம் பிரிவை நாம் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அரசு நிதி பெறும், அரசு அங்கீகரித்த ஒவ்வொரு கல்வி நிறுவனமும் திருநருக்குப் பாகுபாடில்லாமல், மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும் விளையாட்டும் தர வேண்டும். அது பள்ளிக்கான பிரிவு, அதாவது நமக்கான பிரிவு. நானும் பதில் தேடப் போன பிறகுதான் படித்தேன்.

படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை நான். ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லி வருகை எடுத்தால் வகுப்பே சிரிக்கும். நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள், குரலைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்களை நான் அதட்டவில்லை. "நீ ஒழுங்கா நடந்தா அவங்க ஏன் சிரிக்கப் போறாங்க?" என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்டேன். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வரவில்லை. பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதினேன். வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை.

என் கைபேசி எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கி, போன ஆண்டு ஒரு பெண் பேசினார். பழைய பேரைச் சொன்னார், பிறகு இப்போதைய பேரைச் சொன்னார். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டுமாம். சான்றிதழில் பழைய பேர், பழைய பாலினம். படித்த பள்ளிக்கு இரண்டு முறை போயும் வெளியே நிற்க வைத்து அனுப்பிவிட்டார்களாம். "உங்களத் தவிர அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல டீச்சர்" என்றார். என்மேல் கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வைத்துப் பிற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள 2020-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அவரிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. நான் செய்ததெல்லாம் சட்டத்தின் நகலோடு அவருடன் அந்தப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்ததுதான். மூன்று தடவை போனோம். மூன்றாம் தடவை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

கடைசி வரிசைப் பையன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அடுத்து வந்த வகுப்புகளுக்கு 2015-இல் வென்றதையும் சொல்கிறேன், 2019-இல் தோற்றதையும் சொல்கிறேன். "அப்போ அவரு ஜெயிச்சாரா, தோத்தாரா டீச்சர்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். மணி அடிக்கும்வரை நான் குறுக்கே போவதில்லை.

அவர் இப்போது சனிக்கிழமை மாலைகளில் திருநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கணக்கை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், சமூக அறிவியல் நான். போன வாரம் மத்திய அரசு பாடத்தைத் தொடங்கினோம்.