குளுக்கோஸ் பாட்டிலும் நம்ம கடன் நோட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

எனக்கு மைக் புதுசு. தடுமாறினா பொறுத்துக்குங்க.

எங்க குழு கடன் நோட்டில் என் பெயருக்கு நேரா ஒரே வருஷத்தில் மூணு தடவை 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருக்கும். என்ன மருத்துவம்? உடம்பு அசதி, தலைசுத்தல். தனியார் கிளினிக்குக்குப் போவேன், "ஒரு பாட்டில் ஏத்திக்கிறேன்" என்று நானே கேட்பேன். அவங்களும் ஏத்தி விடுவாங்க. ரெண்டு நாள் தெம்பா இருக்கும், அப்புறம் பழையபடிதான்.

அந்த அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கு என்று பிறகுதான் தெரிஞ்சுது. அஞ்சாறு டீஸ்பூன் சர்க்கரை! ரெண்டு இட்லி சாப்பிட்டாலே அந்தச் சத்து வந்துடும். கிராம சுகாதார செவிலியர் அம்மா ரத்தம் பார்த்தப்போ எனக்கு 7 கிராம்தான் இருந்தது. பாட்டில் ஏத்தினா தண்ணி கூடுமே தவிர ரத்தம் ஊறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைதான் என்னை எழுப்பி விட்டுச்சு. நான் கட்டின வட்டியை யார்கிட்ட கேக்கறது?

அதுக்காக பாட்டிலே வேண்டாம் என்று சொல்ல வரலை. என் ஓரகத்தி பேத்திக்கு வாந்தியும் பேதியும். சாயந்திரத்துக்குள்ள கண்ணு குழி விழுந்துபோச்சு, ஒண்ணுக்குப் போகலை, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நின்னுது. 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புத் தண்ணி ஏத்தினாங்க. பத்து கிலோ பிள்ளைக்கு மூணு மணி நேரத்தில் ஒரு லிட்டர். முதல் அரை மணியிலேயே 300 மில்லி. வெறும் குளுக்கோஸ் தண்ணி ரத்தக் குழாயில் தங்காதாம், உப்புத் தண்ணிதான் நிற்குமாம். பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணி கேட்டதும் ஸ்பூனில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லிட்டாங்க.

அந்த ஓ.ஆர்.எஸ். லேசுப்பட்டது இல்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏத்துற பாட்டில் தீர்ந்துபோச்சு. திலீப் மகலானபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பைக் கலந்து குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிரைக் காப்பாத்தினார். பாக்கெட் இல்லாட்டி நாமே கலக்கலாம். காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உப்பு கூடினா ஆபத்து, கைக்கணக்கு வேண்டாம்.

பேறுகாலத்தில் ரத்தம் போனாலோ, டெங்குவில் விடாம வாந்தி எடுத்து மயங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. இதயம், கிட்னி கோளாறு உள்ளவங்க தெம்புக்குன்னு ஏத்திக்கிட்டா நுரையீரலில் நீர் கோத்துக்கும்.

கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுப் பெட்டியிலும் கடன் நோட்டுக்குப் பக்கத்தில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். எங்க குழுப் பெட்டியில் போன மாசமே வச்சாச்சு.