நீராவி யாருக்கு முதலில் வந்தது?

(ஒரு வாசகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



சீமையில் முன்னொரு காலத்தில் வாழ்ந்த ஒரு பெரிய பணக்காரரையும் அவருடைய நீராவிக் கப்பல்களையும் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கிறோம். பணக்காரன் கப்பல் ஓட்டினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். அதற்குப் பதில் கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

இங்கிலாந்தின் தென்கரையில் ஒயிட் தீவு என்று ஒன்றுண்டு. அதிலுள்ள கவ்ஸ் துறையில் பிரபுக்களும் சீமான்களும் உல்லாசத்துக்காகப் பாய்க்கப்பல் ஓட்டுவார்கள். இவர்களுக்கு 1815-ல் ஏற்பட்ட சங்கம் ஒன்று உண்டு. அது ராயல் யாட் கிளப் என்று பெயர் பெற்றது. இந்தச் சங்கம் 1827-ல் ஒரு தீர்மானம் செய்தது. என்னவென்றால், நீராவியால் ஓடும் கப்பலுக்குச் சங்கத்தில் இடமில்லை, எந்த அங்கத்தினராவது தம் கப்பலில் நீராவி யந்திரம் பூட்டினால் அவர் அங்கத்தினர் என்ற உரிமையை இழப்பார் என்பதாகும். காரணமென்ன? பாய் விரித்து ஓட்டும் வித்தைக்கு யந்திரம் விரோதமாம்!

தோழர்களே! அதற்குப் 15 வருஷங்களுக்கு முன்பே, 1812-ல், ஸ்காட்லாந்தின் கிளைட் நதியில் ஹென்றி பெல் என்பவர் ‘காமெட்’ என்னும் நீராவிப் படகில் கூலி வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிச்சென்றார். சாதாரண ஜனங்கள் ஏறிப் பழகிவிட்ட ஒன்றைப் பிரபுக்கள் விலக்கிவைத்தார்கள். படிப்பும் பணமும் இருந்துவிட்டால் மாத்திரம் பகுத்தறிவு வந்துவிடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அந்தச் சங்கத்தில் தாமஸ் ஆஷ்டன் ஸ்மித் என்று ஒரு கனவான் இருந்தார். 1776-ல் பிறந்தவர். நரி வேட்டையில் பேர்போனவர். பார்லிமெண்டு மெம்பராகவும் இருந்தவர். 1828-ல் தகப்பனார் காலமானதும் வடக்கு வேல்ஸிலுள்ள டினார்விக் என்னும் பெரிய சிலேட்டுக்கல் சுரங்கம் இவருக்கு வந்தது. இவர் நீராவிக் கப்பல் கட்டப்போவதாகத் தெரிந்ததும் சங்கத்தார் சீறினார்கள். இவர் ராஜினாமாவை வீசியெறிந்துவிட்டு, கிளாஸ்கோ நகரத்து யந்திரக்காரர் ராபர்ட் நேப்பியரிடம் வேலையை ஒப்படைத்தார். 1830-ல் ‘மெனாய்’ என்னும் கப்பல் தயாராயிற்று. செலவு சுமார் 20,000 பவுன். பிறகு 1839-ல் ‘ஃபயர் கிங்’. அப்புறம் ‘ஃபயர் குயின்’, ‘ஜென்னி லிண்ட்’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனார்.

சங்கத்தாரின் வைராக்கியம் என்னவாயிற்று? 1843-ல் விக்டோரியா மகாராணிக்கே நீராவிக் கப்பல் வந்துவிட்டது. மறு வருஷமே சங்கத்தார் சட்டத்தைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள்? 100 குதிரைசக்திக்குக் குறைந்த யந்திரமுள்ள கப்பலுக்குத்தான் இடமில்லை என்றார்கள்! அதாவது பெரிய பணக்காரனுடைய புகை புனிதமாகிவிட்டது. சின்னப் பணக்காரனுடைய புகைக்கு மாத்திரம் தீட்டு. 1853-ல் அந்தத் தடையும் ஒழிந்தது.

இம்மட்டில் கதையை முடித்தால், வழக்கத்தை எதிர்த்து நின்ற வீரர் என்று ஸ்மித்துக்கு மாலை போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். அவருடைய துணிச்சலை நாம் மறுக்கவில்லை. ஆனால் 20,000 பவுன் எங்கிருந்து வந்தது? மலையில் கயிற்றைத் தொடையில் சுற்றிக்கொண்டு தொங்கியபடி பாறையைத் துளைத்தானே, அந்தத் தொழிலாளியின் உழைப்பிலிருந்தல்லவா வந்தது? அவனுக்கு நீராவி எப்பொழுது வந்தது என்று பார்க்கவேண்டாமா?

சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்குமிடையே 1843-ல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். முதலில் குதிரைகள் இழுத்தன. 1848-ல் நீராவி யந்திரங்கள் வந்தன. அவற்றுக்கும் ‘ஃபயர் குயின்’, ‘ஜென்னி லிண்ட்’ என்று எஜமானருடைய கப்பல்களின் பெயர்களே. ஆனால் அவை இழுத்தது கல்லை, மனிதனையல்ல. தொழிலாளர்கள் அதே தண்டவாளத்தின்மேல் சிறு வண்டிகளை வைத்து, கையாலும் காலாலும் தாங்களே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்கள். எஜமானர் 1858-ல் இறந்தார். தொழிலாளருக்கென்று ரயில் விட்டது 1895-ல்!

கணக்குப் பாருங்கள், தோழர்களே! எஜமானரின் உல்லாசத்துக்கு நீராவி வந்தது 1830-ல். அவருடைய கல்லுக்கு வந்தது 1848-ல். கல்லை வெட்டியவனுக்கு வந்தது 1895-ல். உல்லாசத்துக்கும் உழைப்பாளிக்கும் நடுவில் 65 வருஷம். கல்லுக்கும் மனிதனுக்கும் நடுவில் 47 வருஷம். இந்த 47 வருஷமும் யந்திரமும் இருந்தது, தண்டவாளமும் இருந்தது, மனிதனும் இருந்தான். அவனை ஏற்றிக்கொள்ளவேண்டும் என்கின்ற எண்ணம் ஒன்றுதான் இல்லை.

ஆகவே, புதிய யந்திரம் ஒன்று வந்தது என்று யாராவது பெருமை பேசினால், அதைக் கண்டுபிடித்தவன் யார், தடுத்தவன் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது முதலில் யாருக்கு வந்தது, கடைசியில் யாருக்கு வந்தது, நடுவில் எத்தனை வருஷம் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாத முன்னேற்றத்தை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை.