விழுதல் என்னும் வினை



1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. ‘சிங்கப்பூர் விழுந்தது’ என்ற செய்தி மயிலாப்பூரிலும் பரவிற்று. எங்கள் பாட்டியார், பள்ளிச் சிறுவராயிருந்த என் தந்தையாரிடம், “ஊர் எப்படியடா விழும்? கடலிலா விழுந்தது?” என்று கேட்டாராம். வீட்டார் நகைத்தனர். பிற்காலத்தில் இதைக் கேட்டு நானும் நகைத்தேன். இலக்கணம் கற்பிக்கும் தொழிலுக்கு வந்த பின்னரே அக்கேள்வியின் அருமை விளங்கிற்று.

நம் மொழியில் விழாத பொருள்தான் எது? மழை விழுகிறது, தலையில் வழுக்கை விழுகிறது, நூலில் முடிச்சு விழுகிறது, சொல் காதில் விழுகிறது, நல்ல காலம் இருந்தால் சீட்டுக்குப் பரிசும் விழுகிறது. பழந்தமிழில் ‘வீழ்தல்’ என்பதற்கு விரும்புதல் என்றும் ஒரு பொருள் உண்டு. குறளின் காமத்துப்பாலில் வரும் ‘வீழ்வார்’ தடுக்கி விழுந்தவர் அல்லர், காதலுக்குரியவர். தேர்வில் இதனைப் பிழையாக எழுதாத மாணவரை நான் அரிதாகவே கண்டேன்.

போர்ச் செய்தியில் இவ்வினை இரு முகம் காட்டுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையைத் தாக்கியது. குண்டுகள் விழுந்தன, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் குண்டு பட்ட இடத்தை இன்றும் ஒரு கல்வெட்டு காட்டுகிறது. இங்கே விழுதல் நேர்ப்பொருளே. சிங்கப்பூர் விழுந்ததோ வேறு வகை. ஊர் நின்ற இடத்திலேயே நின்றது, ஆட்சி கைமாறிற்று. ஊரின் பெயர் ஆட்சிக்கு ஆகிவந்தமையால் இடவாகுபெயர், விழுதல் உருவகம்.

அச்சம் இவ்வேறுபாட்டை அறியாது. மார்ச்சில் இரங்கூன் ‘விழுந்தது’. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்து விழுவது சென்னையோ என்ற கலக்கத்தில் மக்கள் திரள் திரளாக நகரை விட்டு வெளியேறினர். விழப்போவது குண்டா, ஆட்சியா என்று எவர் நின்று ஆராய்ந்தார்!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘விழுந்தது’ தன்வினை, ‘வீழ்த்தினர்’ பிறவினை. ‘சிங்கப்பூர் விழுந்தது’ என்னும்போது வீழ்த்தியவரும் வாக்கியத்தில் இல்லை; காக்கத் தவறியவரும் இல்லை. ஏதோ முதிர்ந்த பனம்பழம் தானே உதிர்ந்தாற் போன்ற ஓசை! ‘தளபதி பெர்சிவல் சரணடைந்தார்’ என்று எழுதினால் ஆள் தெரிகிறார். அவருடன் சிறைப்பட்ட பல்லாயிரம் வீரரும், அவருள் இருந்த இந்தியரும் நினைவுக்கு வருகின்றனர்.

‘சயாம்–பர்மா இரயில் பாதை 1943 அக்டோபரில் நிறைவெய்தியது’ என்பதும் இத்தகைய வாக்கியமே. பாதை தானாக நிறைவெய்தவில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் காடு வெட்டி, மண் சுமந்து அதை அமைத்தனர். பட்டினியாலும் காலராவாலும் ஆயிரமாயிரமாய் விழுந்தனர்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இந்த ‘விழுந்தனர்’ நேர்ப்பொருளா, உருவகமா?” என்று வினவினான்.

“மண்வெட்டியைப் பிடித்தபடியே விழுந்தவர்களைச் சொல்கிறேன், தம்பி” என்றேன்.