டியூ பாக்கி இருந்தாலும் நமக்கு உரிமை உண்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வக்கீல் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு, குழுவுக்குக் கணக்கு நோட்டு எழுதுறேன். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற வாடகைக் கார் பைனான்சில் எடுத்தது. அதில் நாங்கள் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும், வட்ட சட்டப் பணிகள் குழு நம்ம ஊரில் நடத்தின முகாமில் கேட்டதையும் உங்களுக்குச் சொல்றேன்.

இப்போ தெருவுக்கு நாலு டியூ வண்டி நிக்குது. கார், லோடு ஆட்டோ, டிராக்டர், பைக்கு. வாங்குறது ஆம்பளைங்கதான். ஆனா ஜாமீன் கையெழுத்துப் போடுறது யாரு? நாமதான். ஜாமீன் போட்டவங்களும் கடன் வாங்கினவங்க மாதிரியே முழுப் பணத்துக்கும் பொறுப்புன்னு சட்டம் சொல்லுது. அதனால இது நம்ம விஷயம்.

முதல்ல, வண்டி யாருடையது? ஹையர் பர்ச்சேஸ்னா, கடைசி டியூ கட்டுற வரைக்கும் வண்டி கம்பெனிக்குச் சொந்தம், நாம வாடகைக்கு வச்சிருக்கிற மாதிரி. இன்னொரு வகையில வண்டி நம்முடையது, ஆனா கடனுக்கு ஈடா இருக்கு. இப்போ பெரும்பாலும் இதுதான். ரெண்டிலும் ஆர்.சி. புக்கில் நம்ம பேரோடு கம்பெனி பேரும் ஏறியிருக்கும். நம்ம ஒப்பந்தம் எந்த வகைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

கையெழுத்துப் போடும் முன்னாடி கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, வட்டி, எல்லாக் கட்டணமும், மொத்தம் கட்ட வேண்டிய தொகை எல்லாம் ஒரே தாளில் எழுதின விவரச் சுருக்கம். 2024 அக்டோபர் முதல் இதைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதுவும் நமக்குப் புரிகிற மொழியில. ரெண்டு, ஒப்பந்தத்தின் முழு நகல். மூணு, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டா, எழுதின பிறகு போடுறேன்னு சொல்லணும். கம்பெனி ரிசர்வ் வங்கியில பதிவு செஞ்சதான்னும் விசாரிங்க. நான் சொல்ற ரிசர்வ் வங்கி விதியெல்லாம் வங்கிக்கும் பதிவு பெற்ற கம்பெனிக்கும்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சு மூணு மாசம் படுத்துட்டார். மூணு டியூ நின்னுபோச்சு. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டு பேர் வந்து, "சாவியைக் குடும்மா, வண்டியைத் தூக்கணும்"னு நின்னாங்க. அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்த்தாங்க. எனக்குக் கை நடுங்குச்சு. ஆனாலும், "உங்க அடையாள அட்டை எங்கே? கம்பெனி கொடுத்த கடிதம் எங்கே? எங்களுக்கு அனுப்பின நோட்டீஸ் எங்கே?"ன்னு கேட்டேன். எதுவும் இல்லை. "காலையில கடிதத்தோட வாங்க, பலவந்தம் பண்ணினா 100-க்குப் போன் போடுவேன்"னு சொன்னேன். போயிட்டாங்க.

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போய்த் தமிழில் மனு எழுதிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கினேன். கணக்கு விவரம் கேட்டு வாங்கிப் பார்த்தா, எடுக்காத வண்டிக்கு வண்டி எடுத்த செலவுன்னு 4,500 ரூபாய் ஏத்தியிருந்தாங்க. எழுதிக் கேட்டதும் அதை நீக்கிட்டாங்க. அபராதத்தை நீக்கலை. குழுவில் உள்கடன் வாங்கி மூணு டியூவையும் அபராதத்தையும் கட்டினோம். அந்தக் கடனை அடைக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, டியூ கட்டாதவங்கன்னு ஆயிட்டா நமக்கு வாயே இல்லைன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. 2011-ல் ஒரு கார் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹையர் பர்ச்சேஸ் வண்டியா இருந்தாலும் சட்டப்படிதான் எடுக்கணும், பலத்தைக் காட்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வண்டி எடுக்குறதுக்கு எத்தனை நாள் நோட்டீஸ், எடுக்குற முறை என்ன, விற்கும் முன்னாடி பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு எப்படி, இதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கணும்.

அதே சமயம், உரிமை இருக்குன்னு கடன் போயிடாது. முறையா நோட்டீஸ் கொடுத்து, அமைதியா வந்தா எடுக்க முடியும். அப்படி எடுத்தா, எடுத்ததுக்கு ரசீதும், வண்டிக்குள்ள இருந்த சாமான் பட்டியலும் எழுதி வாங்குங்க. எவ்வளவுக்கு வித்தாங்கன்னு கணக்குக் கேளுங்க. கடன் போக மிச்சம் இருந்தா அது நம்ம பணம். குறைஞ்சா நாமதான் கட்டணும். அதனால டியூ நிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே நாமளே போய், அவகாசம் கேட்டு எழுதிக் கொடுக்குறது நல்லது.

கடைசி டியூ கட்டின பிறகும் வேலை இருக்கு. கம்பெனியிடம் என்.ஓ.சி.யும், கையெழுத்துப் போட்ட 35-ஆம் நம்பர் படிவமும் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து ஆர்.சி.யில் இருக்கிற கம்பெனி பேரை நீக்கணும். கொடுத்த செக்கையும் திரும்ப வாங்கணும்.

புகார்னா முதல்ல கம்பெனிக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு இல்லை. விவரம் கேட்க 14448. நுகர்வோர் உதவிக்கு 1915. சட்டப் பணிகள் குழுவுக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நம்ம உறுப்பினர் யாராவது வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுறதா இருந்தா, அந்தத் தாளை முதல்ல குழுக் கூட்டத்தில் வச்சு எல்லாரும் சேர்ந்து படிக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் படிச்சுக் காட்டணும். இதை இந்த மாசக் கூட்டத்திலேயே தீர்மானமா எழுதலாம்.