பிளந்த இதழும் மழலை மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் மட்டுமே பயின்ற இரயில்வே எழுத்தராகிய நாம், மருத்துவம் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் செய்த ஒரு பிழையே நம்மை இங்கு நிறுத்தியுள்ளது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நம் காலனியின் எல்லையில் குடியிருக்கும் சேலத்து ஒப்பந்தக் கூலித் தொழிலாளி ஒருவருக்குப் பெண் மகவு பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாயினுள் அண்ணமும் இணையவில்லை. காணச் சென்ற நாம், “கிரகண வேளையில் வெளியே வந்தாயா, அம்மா?” என்று அத்தாயை வினவினோம். பரிவுடன் கேட்டதாகவே அன்று எண்ணினோம். அதன்பின் பல நாள் அப்பெண் பகலில் குழாயடிக்கு வரவேயில்லை.

பின்னர் மருத்துவர் ஒருவர் நமக்கு விளக்கினார். கருவின் முகம் இருபுறமிருந்தும் வளர்ந்து நடுவில் கூடுகிறது. உதடு ஏறத்தாழ 4 முதல் 7 வாரங்களுக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள்ளும் இணைய வேண்டும். இணையாது நின்றால் பிளவு. ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இவ்வாறு நேர்கிறது. பரம்பரை, புகைபிடித்தல், சில மருந்துகள் எனக் காரணங்கள் கூறுவர். பல வேளைகளில் காரணமே புலப்படுவதில்லை. கிரகணத்திற்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

இத்தகைய குழந்தையால் பாலை உறிஞ்ச இயலாது. மூக்கின் வழியே வந்துவிடும். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடைதான் அங்குக் கைகொடுத்தது. குழந்தையை நிமிர்த்தி, சிறிது சிறிதாகப் புகட்டி எடையேற்றினர்.

பொருளில்லாதவர் இதற்கு என் செய்வர் என அஞ்ச வேண்டுவதில்லை. நம் இரயில்வேயின் துணையுடன் 1991 ஜூலை 16 அன்று தொடங்கப்பெற்ற லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்னும் மருத்துவமனை வண்டியில், கண்புரையோடு பிளந்த உதட்டிற்கும் இலவசமாக அறுவை செய்து வருகின்றனர். கால அட்டவணையில் இடம் பெறாத வண்டி அது! சிற்றூர் நிலையத்தில் வாரக்கணக்கில் நிற்கும். நகரத்து மருத்துவர்கள் அங்கு வந்து தொண்டு செய்வர். 1999இல் தோன்றிய ஸ்மைல் டிரெயின் என்பது வேறு, பெயரில்தான் இரயில். அந்தந்த ஊர் மருத்துவமனைக்கே பொருளுதவி செய்து, பெற்றோரிடம் கட்டணம் வாங்காதவாறு பார்த்துக்கொள்ளும் அறநிறுவனம் அது. மிர்சாப்பூர்ச் சிறுமி பிங்கிக்கு இவ்வாறு காசியில் சுபோத் குமார் சிங் என்னும் மருத்துவர் அறுவை செய்தார். அவ்வரலாற்றைக் கூறும் ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும்படம் 2009இல் ஆஸ்கர் பரிசு பெற்றது.

நம் காலனிக் குழந்தைக்கும் ஐந்தாம் திங்களில் நகரத்தில் இலவசமாகவே உதட்டைத் தைத்தனர். முகம் அழகாயிற்று, அனைவரும் மகிழ்ந்தோம். அங்குதான் நாம் இரண்டாம் முறை தவறினோம். அண்ணத்திற்குரிய அறுவையை ஒன்பது முதல் பதினெட்டுத் திங்களுக்குள் செய்வர். வெளியே தெரியாத பிளவை எவர் நினைவிற்கொண்டார்? நமக்குள்ள இலவசப் பயணச் சீட்டும் அத்தந்தைக்கு இல்லை. சென்று வந்தால் மூன்று நாட் கூலி போகும்.

இன்று அச்சிறுமிக்கு நான்கு வயது. மூச்சு மூக்கின் வழியே கசிவதால் ‘பாப்பா’ என்பது ‘மாம்மா’ என ஒலிக்கிறது. பாலர் பள்ளியில் பிற குழந்தைகள் அதுபோலவே சொல்லிச் சிரிக்கின்றனராம். வீட்டில் தாயிடம் ஓயாது பேசும் குழந்தை, பள்ளியில் வாய் திறப்பதில்லை.

இப்பொழுதும் அறுவை செய்யலாம் என்றே மருத்துவர் கூறியுள்ளார். அதன்பின் பல திங்கள் பேச்சுப் பயிற்சி வேண்டும். அது தமிழில் நடப்பதே நலம் என்பதால், நம் சங்கத்துச் சகோதரிகள் இருவர் அதனைக் கற்றுக்கொள்ள இசைந்துள்ளனர். அடுத்த திங்கள் இரண்டாம் வாரம் நாள் குறித்தாயிற்று. பெற்றோர்க்கு இந்தி தெரியாது. உடன் செல்ல விடுப்பு கேட்டுள்ளோம், கிடைக்குமோ, அறியோம். கிடைக்காவிடில் நமக்குப் பதிலாகச் செல்லக்கூடியவர், கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நம்மைச் சந்திக்குமாறு வேண்டுகிறோம். வழிச்செலவு சேர்ந்துவிட்டது.